அவர் சுத்தினதுதான்

மின் அளவுக் கருவியில் மாட்டுகிற சிவப்பு லீடின் கழுத்தை, பிளக்கும் வயரும் சேருகிற இடத்தை, அக்கா இரண்டு விரலால் பிடித்து ஒரு பக்கமாக வளைக்கிறார். பிறகு மறுபக்கம். வளைந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிக் கண்ணைச் சுருக்குகிறார். அடுத்து கட்டைவிரல் நகத்தை வயரின் மேல் வைத்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மெல்ல ஓட்டிக்கொண்டு போகிறார். நகம் எங்காவது தடுக்கினால் போச்சு. அந்த இடத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "என்ன இது?" என்று வயரையே அதட்டுவார். வயர் வாயைத் திறக்காது. இழுப்பறையிலிருந்து கத்திரி வெளியே வரும்.

இரண்டாக வெட்டினால் அவருக்குப் போதாது. பல துண்டுகளாக நறுக்கித்தான் குப்பைக்கூடையில் போடுவார். அதன்மேல் அப்படி என்ன கோபம் என்று புதிதாக வந்த மாணவி ஒருத்தி கேட்டபோது, "கோபமெல்லாம் இல்லம்மா. முழுசாப் போட்டா எவனாவது எடுத்து ஒட்டுப் போட்டுடுவான். துண்டு துண்டாக் கெடந்தா ஒட்ட மனசு வராது" என்றார்.

அந்தப் பொறியியல் கல்லூரியின் மின் சோதனைக்கூடத்தில் அவருக்குக் 'கத்திரி' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா. முதுகுக்குப் பின்னால் கத்திரி. பை வார் நைந்துபோன பையன்கள் அவர் மேசையைக் கடக்கும்போது பையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணில் பட்டால் இதையும் நறுக்கிவிடும் என்று கிசுகிசுப்பார்கள். அது அவர் காதில் விழும். விழாத மாதிரி அடுத்த லீடை எடுப்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான உருவம். லேசாகக் கூன். கனமான ரப்பர் செருப்பு போட்டிருப்பார். அது தரையில் தேய்கிற சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியிலேயே கேட்கும். சோதனைக்கூடத்துக்குள் எதைத் தொட்டாலும் வலது கையால் மட்டும்தான். இடது கை முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். தேநீர் குடிக்கும்போதுகூட அங்கேயே இருக்கும். தெருவில் இறங்கினாலும் கண் வயர்மேல்தான். ஒருமுறை வங்கியில் வரிசையில் நின்றவர், ஊழியரின் மேசைவிளக்கு வயர் கதவிடுக்கில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பணம் எடுக்க வந்ததையே மறந்துபோனார். "உங்க வேலையைப் பாருங்கம்மா" என்றார் ஊழியர். "இதுதான் சார் என் வேலை" என்று சொல்லி, வயரைக் கதவிடுக்கிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆசிலோஸ்கோப் என்பது மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டுகிற பெட்டி. பெட்டி பரம சாது. எமன் இருப்பதெல்லாம் அந்தப் பெட்டியையும் மின்சாரத்தையும் இணைக்கிற லீடில்தான். மனிதர் கையில் பிடிப்பது அதைத்தானே.

ஆண்டுக்கு ஒருமுறை புது லீடு வாங்குவார்கள். கடைக்காரர்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்புவார்கள். எத்தனை வோல்ட் தாங்கும் என்று மேலே அச்சிட்டிருக்கும் எண்ணை அக்கா முதலில் பார்க்க மாட்டார். "எழுதறதுக்கு என்ன, மைதானே செலவு?" பிளக்கின் உலோகம் வெளியே எட்டிப் பார்க்கிறதா, கூடு அதை முழுசாக மூடியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. கூடு இல்லாத பிளக்கைக் கையாலேயே தொட மாட்டார். பென்சிலால் ஓரமாகத் தள்ளிவிடுவார். வயர் துணி மாதிரிக் குழைய வேண்டும். விறைப்பாக இருந்தால் அது நாளாக ஆக வெடிக்கிற ரகம். பிடிக்கிற இடத்தில், விரல் வழுக்கி முன்னால் போகாமல் தடுக்க ஒரு வட்டம் இருக்க வேண்டும். இத்தனையும் தேறினால் மாதிரியை நீளவாக்கில் பிளந்து பார்ப்பார். நல்ல லீடுக்கு இரண்டு உறை. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. சிவப்பு தேய்ந்தால் வெள்ளை தெரியும். "வெள்ளை தெரிஞ்சா விடை குடுத்துடணும்" என்பார்.

எண்ணுக்குக் கடைசியில்தான் வருவார். அதிலும் லீடில் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற மாட்டார். லீடு, அதன் நுனியில் மாட்டுகிற கிளிப், பின்னால் வோல்ட்டைக் குறைத்துப் பெட்டிக்கு அனுப்புகிற ப்ரோப், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். "மூணுல எது நோஞ்சானோ அதுதான் கணக்கு. ரெண்டாயிரம் தாங்கற வயர்ல அறுநூறு தாங்கற கிளிப்பை மாட்டினா, அது அறுநூறு வயர்தான்." மின்சாரம் வெட்டி வெட்டி வேகமாக வரும்போது அந்த எண்ணும் குறையும். எவ்வளவு குறையும் என்ற வரைபடம் இருக்கிறதா என்று கேட்பார். இதையெல்லாம் அவருக்குக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தவர் அங்கேயே இருக்கும் பேராசிரியர். பாடம் பிடிபட நாளானது என்று அக்காவே சொல்வார்.

ஒரு விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்மா" என்றார். "மூடின கண்ணு திறக்கணும்ல தம்பி" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நல்ல லீடையும் அவர் வெட்டியிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். விலை உயர்ந்த ப்ரோப் ஒன்றின் வயரில் மேசை ஓரம் பட்டு ஒரு கீறல். வெறும் மேல்கீறல். அக்கா யாரையும் கேட்காமல் நறுக்கிவிட்டார். துறைத் தலைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இனிமேல் விலை கூடியவற்றைப் பேராசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்காவும் ஒழுங்காகக் கொண்டுபோய்க் காட்டுகிறார். பேராசிரியர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. லீடைப் பார்க்கக்கூட மாட்டார். "வெட்டிடுங்க" என்பார்.

ஏன் என்று இப்போது இருக்கிற மாணவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரரும் இதே சோதனைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். அவருக்கு 'டேப் அண்ணன்' என்று பெயர். மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு டேப் சுருள் எப்போதும் கிடக்கும். மூக்குக்கண்ணாடியின் கால் முறிந்தவன், குடைக்கம்பி பிய்ந்தவன், செருப்பு வார் அறுந்தவன் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். முகம் சுளிக்காமல் ஒட்டுவார். கஞ்சத்தனம் கிடையாது. எதையும் தூக்கிப் போட மனசு வராத பிறவி. ஒட்டி முடித்ததும் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்பார். வீட்டிலும் அதே கதைதான். வாளியின் காது, வானொலியின் முதுகு, இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி என்று அவர் கை படாத பொருள் இல்லை. எதுவும் உடைந்தால் புதுசு வரும் என்ற நம்பிக்கையே எங்கள் வீட்டில் கிடையாது என்று அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்த காலம் உண்டு.

லீடுகளுக்கும் அவர் ஒட்டுப் போட்டார். புதுசு கேட்டால் கிடைக்காது என்றில்லை. கேட்க வேண்டுமே.

அன்று பேராசிரியரின் சோதனை. ஆயிரக்கணக்கான வோல்ட், விட்டு விட்டு வருகிற மின்சாரம். திரையில் அலை சரியாக நிற்காமல் ஆடியது. கிளிப் சரியாகக் கவ்வவில்லை போலிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றி மாட்டியிருக்கலாம். டேப் அண்ணன், "கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாச் சரியாயிடும் சார்" என்று சொல்லிக்கொண்டே எட்டி லீடின் கழுத்தைப் பிடித்தார். இடது கை இரும்பு மேசையின் விளிம்பில் ஊன்றியிருந்தது. லீடின் கழுத்தில் ஒரு வெடிப்பு. அதன்மேல் டேப். வீட்டு வயருக்குப் போதுமான டேப், அந்த வோல்ட்டுக்கு வெறும் காகிதம். வலது கையில் ஏறியது நெஞ்சு வழியாக இடது கையில் இறங்கிவிட்டது. பேராசிரியர் பாய்ந்து சிவப்பு விசையை அடித்தார். தரையில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தோளைத் தொட்டு விலக்கும்வரை டேப் அண்ணனின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். பலனில்லை.

விசாரணை துறைத் தலைவர் அறையில் நடந்தது. மேசையில் ஒரு வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் அந்த லீடை வைத்திருந்தார்கள். டேப் சுற்றியது யார் என்பதுதான் கேள்வி. எத்தனையோ பேர் வந்துபோகிற இடம். எந்த மாணவன் சுற்றினானோ, யார் கண்டது? பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கு உறுதியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகும் முன் பணியாளர் சங்கத்துப் பெரியவர் அவரை வராந்தாவில் ஓரமாக அழைத்து, "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. செத்தவர் மேல பழி வேண்டாம்" என்றார். கூடவே வந்திருந்த மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. அப்பா செல்லம்.

அக்கா லீடைக் குனிந்து பார்த்தார். ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடியிருந்தது. சுருக்கம் இல்லை, பிசிறு இல்லை, லேசான சாய்வு. வீட்டில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற அதே சாய்வு. மனிதருடைய கையெழுத்து மாதிரி. தெரியாது என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அறைக் கண்ணாடி வழியாகச் சோதனைக்கூடம் தெரிந்தது. சுவர் நெடுக அலமாரி. அலமாரி நிறைய இழுப்பறை.

"அவர் சுத்தினதுதான்" என்றார். "இன்னும் நிறைய இருக்கும் சார். எனக்கு அடையாளம் தெரியும். எடுத்துத் தரேன்."

மகளின் கை அவர் கையிலிருந்து நழுவியது. எப்போது வெளியே போனாள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அதே மதியம், துறைத் தலைவரின் மேசையிலிருந்த காகிதம் வெட்டும் கத்திரியை வாங்கிக்கொண்டு அக்கா சோதனைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். பேராசிரியர் ஒவ்வொரு இழுப்பறையாக உருவி அவர் முன்னால் வைத்தார். சிவப்பு வயரில் சிவப்பு டேப், கறுப்பு வயரில் கறுப்பு டேப். அவ்வளவு பாந்தமாக ஒட்டியிருந்தார் மனிதர். நாள்தோறும் மாணவர்கள் கையில் எடுத்த லீடுகள், ஒருவர் கண்ணுக்கும் ஒட்டு தெரிந்ததில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. எடுத்து எடுத்து நறுக்கினார். வாசலில் கூடியவர்கள், துக்கத்தில் அந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கத்திரி என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். அது பொய்யில்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. யார்மேலாவது கோபப்பட்டு மண்ணை வாரித் தூற்றியிருந்தால் மனசு ஆறியிருக்கும். கோபப்பட அவரைத் தவிர ஆளில்லை. அவரோ போய்விட்டார். குடும்பத்தை நினைத்து அந்த வேலையை அக்காவுக்கே கொடுத்தார்கள். வீட்டில் மகள், "அப்பாவைக் காட்டிக் குடுத்துட்டு, அவர் நாற்காலியிலயே போய் உக்காந்துட்ட" என்றாள். ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதன்பிறகு அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. படிப்பு முடிந்தது, வேற்றூரில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. தொலைபேசியில் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் யார் முதலில் வைப்பது என்று காத்திருப்பார்கள்.

சோதனைக்கூடத்தில் கத்திரியும் கையுமாக இருக்கிற அக்கா, வீட்டில் ஒரு டேப்பைப் பிரித்ததில்லை. வாளியின் காதில் அது அப்படியே இருந்தது. வானொலி பாடாவிட்டாலும் முதுகில் டேப்போடு அலமாரியில் இருந்தது. காலப்போக்கில் பசை காய்ந்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தபோது, விட்ட நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி வைப்பார். விரலை எடுத்ததும் அது மறுபடி எழும்பிக்கொள்ளும். மேசைமின்விசிறி ஒன்றின் வயரிலும் நடுவில் ஒட்டு. அதை அவர் பயன்படுத்தவில்லை. பிளக்கைச் சுருட்டிக் கட்டி, ஒரு பழைய துணியைப் போர்த்தி மூலையில் வைத்திருந்தார். பிடுங்கி வைத்த பொருளால் யாருக்கு என்ன கேடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

போன கோடையில் மகள் வந்தாள். தவழத் தொடங்கியிருந்த பெண்குழந்தையோடு, இரண்டு வாரம் இருப்பதாகச் சொல்லி வந்தாள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகன் வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கிறார், அதனால்தான் வருகிறாள் என்பதை அறிந்தும் பாவவில்லை. குழந்தை பாட்டியின் ரப்பர் செருப்புச் சத்தத்துக்கே சிரித்தது. மகள் மட்டும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியின் காதை ஒருமுறை தடவிப் பார்த்ததை அக்கா கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் அக்கா வேலை முடிந்து வந்தபோது அந்த மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் மகள் துணியை நீக்கி எடுத்து மாட்டியிருந்தாள். பாயில் குழந்தை தூங்கியது. வயர் பாயின் ஓரமாகப் போயிருந்தது. ஒட்டு, குழந்தையின் காலுக்குப் பக்கத்தில்.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரில் விசையை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மகள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"ஏன் நிறுத்தின?"

"வயர் சரியில்லம்மா."

"அப்பா சரி பண்ணது அது." குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று மகள் குரலைத் தாழ்த்தினாள். "இதையும் வெட்டணுமா உனக்கு? அங்க வெட்டினதெல்லாம் போதலையா?"

அக்கா பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வருஷக்கணக்காக அடக்கி வைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவள் அழவில்லை.

"செத்தவருக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதாம்மா? ஒரே ஒரு பொய். ஊரெல்லாம் அவர் அலட்சியத்தால செத்தாருன்னு சொல்லுது. நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா, பாவம் எப்படியோ நடந்துபோச்சுன்னு சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா. "அந்த ஒண்ணு மட்டும்னா சொல்லியிருப்பேன். அலமாரி நிறைய இருந்துச்சேம்மா."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கியதாகத் தெரியவில்லை.

பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. அழாமல் குப்புற விழுந்து, எழுந்து, கைக்கு எட்டியதைப் பிடித்தது. எட்டியது வயர். பல் முளைக்கிற பருவம்; எது கிடைத்தாலும் வாய்க்குத்தான். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஒட்டுப் போட்ட இடத்தை ஈறுகளுக்கு நடுவில் வைத்துக் கடித்தது. தலையை ஆட்டி இழுத்தது. காய்ந்துபோன டேப் ஒரு சுற்று கழன்று அதன் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அடியில் செம்புக் கம்பி பளபளத்தது.

மகள் பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். உதட்டிலிருந்த டேப்பை விலக்கினாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிளக் தரையில் கிடப்பதை ஒருமுறை பார்த்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் பார்த்தாள். சற்று முன்வரை அது சுவரில் இருந்தது. மாட்டியது அவள் கைதான். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகளைக் குறை சொல்ல அக்காவுக்கு என்ன இருக்கிறது? அந்த வயரை வெட்டாமல் முழுசாக மூலையில் வைத்திருந்தவர் அவர்தானே.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா உள்ளே போய்க் கத்திரியை எடுத்துவந்து வயரின் பக்கத்தில் உட்கார்ந்தார். கழன்று தொங்கிய டேப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். நுனி நேராக இல்லை. நசுங்கி, இழுபட்டு, சின்னச் சின்ன வளைவாக இருந்தது. டேப்பை வெட்ட அந்த மனிதர் ஒருநாளும் கருவி தேடியதில்லை. வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்து இழுத்து அறுப்பார். அழுக்கெல்லாம் வயிற்றுக்குள் போகிறது என்று அக்கா அலுக்காமல் திட்டுவார். மகள் அப்பா பக்கம் நின்றுகொண்டு சிரிப்பாள்.

மகள் குனிந்து அந்த நுனியையே பார்த்தாள்.

"அப்பா பல்லு" என்றாள்.

"ம்."

அக்கா வயரைக் கத்திரியின் வாயில் வைத்தார். வயர் வழுக்கி வெளியே வந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது.

மகள் குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையுமாக வயரைப் பிடித்து, வெட்டுவதற்கு வாகாக இழுத்துக் கொடுத்தாள்.